70 நிமிடம்

‘தங்கள் தாயாரின் பயணச்சீட்டில் இருந்த இணைப்பு நேரம், அந்த விமான நிலையத்தின் குறைந்தபட்ச இணைப்பு நேரத்துக்கு உட்பட்டதே.’ நான் இரண்டு பக்கத்துக்கு எழுதிய புகாருக்கு விமான நிறுவனம் அனுப்பிய பதிலின் சாரம் இது ஒன்றுதான். மற்ற நான்கு வரிகளும் வருத்தம், நன்றி, மீண்டும் எங்களோடு பறக்க வாருங்கள் வகையறா. அந்தத் துறையில் இதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ‘லீகல் கனெக்‌ஷன்’. சட்டப்படியான இணைப்பு. 68 வயதான என் அம்மா ஊர் பேர் தெரியாத ஒரு விமான நிலையத்தின் நாற்காலியில் ஒரு முழு நாள் உட்கார்ந்திருந்தாள். ஆனால் எல்லாம் சட்டப்படிதான் நடந்திருக்கிறது.

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. எங்கேயாவது ஓரிடத்தில் இறங்கி ஏறித்தான் ஆகவேண்டும். அக்காவுக்கு இரண்டாவது பிரசவம். அம்மா முதல் தடவையாகத் தனியாகப் போகிறாள். வளைகுடா நகரம் ஒன்றில் காலை 6.15க்கு இறங்கி, 7.25க்கு அடுத்த விமானம். இதே வழியில் ஏழு மணி நேரம் காத்திருக்கும்படியான டிக்கெட்டும் இருந்தது. அதுதான் விலை குறைவு, நாலாயிரம் ரூபாய் வித்தியாசம். அக்காவும் நானும் போனில் பேசிப் பேசி முடிவெடுத்தோம்.

“ஏழு மணி நேரம் அம்மா தனியா அங்க உக்காந்து என்னடா பண்ணுவா? பாவம்டா. நாலாயிரம்தானே, போட்டுத் தொலை.”

ஆக, நாலாயிரம் ரூபாய் கூடக் கொடுத்துத்தான் அந்த 70 நிமிடத்தை வாங்கினேன். கஞ்சத்தனத்தால் செய்த தப்பு என்றால் மனசு ஆறியிருக்கும். அன்பால் செய்த தப்பு இது. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர், பெற்றோருக்கு டிக்கெட் போடும் வயதுக்கு வந்துவிட்டீர்கள் அல்லது வரப்போகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த 70 நிமிடத்தைப் பிரித்துப் பார்ப்போம். 7.25 என்பது விமானம் நகரும் நேரம். கேட்டை மூடுவது அதற்கு 20 நிமிடம் முன்னால். எனவே 70 இல்லை, 50. அம்மாவின் விமானம் சென்னையில் தாமதமாகக் கிளம்பி 6.30க்குத்தான் போய் நின்றது. இப்போது 35. வீல்சேர் கேட்டவர்களைக் கடைசியில்தான் இறக்குவார்கள். முன்னூறு பேர் எழுந்து, தலைக்கு மேலிருந்து பை எடுத்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு இறங்கி முடிய இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகும். மிச்சம் பத்து. விமானத்தை நிறுத்தியிருந்ததோ கட்டடத்தோடு ஒட்டிய இடத்தில் இல்லை, வெளியே திறந்தவெளியில். வீல்சேர்களை இறக்க லிஃப்ட் வைத்த வண்டி வரவேண்டும். அம்மாவோடு சேர்த்து பதினோரு பேர். வண்டி வந்தது, பாதுகாப்புச் சோதனை வரிசை வந்தது, அதற்கப்புறம் அமெரிக்கா போகும் விமானத்துக்கென்று கேட்டிலேயே வைத்திருக்கும் இன்னொரு சோதனை. அம்மா அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி 7.20. விமானம் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நிற்கிறது. கதவு சாத்தியாகிவிட்டது.

அடுத்த விமானம் மறுநாள் 7.25க்கு.

நிதானமாக யோசித்தால், விமானம் ஒரு நிமிடம் தாமதமில்லாமல் வந்திருந்தாலும் கணக்கு இடித்திருக்கும். 50இல் 25 போனால் 25. அதற்குள் லிஃப்ட் வண்டி, பஸ், இரண்டு சோதனை, அரைக் கிலோமீட்டர் நடை. கல்லூரிப் பையன் முதுகில் ஒரு பையோடு ஓடினால் பிடிக்கலாம். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம்.

*

குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்பது வானத்திலிருந்து விழுந்த எண் அல்ல. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஓர் எண் இருக்கிறது. நிலையமும் விமான நிறுவனங்களும் சேர்ந்து அதை வகுக்கின்றன, பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டாவின் விதிமுறை அதற்கு உண்டு. உள்நாட்டிலிருந்து உள்நாடு, உள்நாட்டிலிருந்து வெளிநாடு, வெளிநாட்டிலிருந்து உள்நாடு, வெளிநாட்டிலிருந்து வெளிநாடு என்று நான்கு கட்டங்கள். அதற்குள் எந்த டெர்மினல், எந்த நிறுவனத்திலிருந்து எந்த நிறுவனத்துக்கு என்று விதிவிலக்குகள். தன் இரண்டு விமானங்களுக்கு நடுவே இன்னும் குறைவான நேரம் போதும் என்று ஒரு நிறுவனம் நினைத்தால், அதையும் பதிவு செய்துகொள்ளலாம். வியன்னா விமான நிலையம் 25 நிமிடத்தைப் பெருமையாக விளம்பரம் செய்கிறது. ஃபிராங்ஃபர்ட்டுக்கு 45 நிமிடம் என்கிறார்கள். அந்த எண்ணுக்கு ஒரு நிமிடம் கூடுதலாக இருந்தாலும் கணினி இரண்டு விமானங்களையும் ஒட்டவைத்து ஒரே டிக்கெட்டாக விற்றுவிடும்.

இவ்வளவு கட்டங்கள் இருக்கின்றனவே, பயணியின் வயதுக்கு ஒரு கட்டம் உண்டா? முழங்காலுக்கு? இங்கிலீஷில் எழுதிய பலகையைப் படிக்கத் தெரியாததற்கு? கிடையாது. டிக்கெட் போட்ட அன்றே அம்மாவுக்கு வீல்சேர் வேண்டும் என்று நான் பதிவு செய்தேன். அதற்கு டபிள்யூ சி ஹெச் ஆர் என்று ஒரு குறியீடு இருக்கிறது. படிக்கட்டு ஏறமுடியும், நீண்ட தூரம் நடக்கமுடியாது என்று அர்த்தம். அதை நான் சேர்த்த அதே திரையில் ‘70 நிமிட இணைப்பு’ என்றும் இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று நான்கு விரல்கடை தூரத்தில். எந்த எச்சரிக்கையும் வரவில்லை. சாப்பாடு சைவமா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்கள்.

அம்மாவால் நடக்கமுடியாது என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே விற்றார்கள். பிறகு சட்டப்படி என்றார்கள். என் கோபம் முழுக்க இந்த இடத்தில்தான்.

வீல்சேர் என்றதும் ஞாபகம் வருகிறது. அமெரிக்கா போகும் விமானங்களில் நம்மூர்ப் பெரியவர்கள் வரிசையாக வீல்சேரில் உட்கார்ந்திருக்கும் படத்தைப் போட்டுச் சிரிக்கிறார்கள். ஏறும்போது வீல்சேர், இறங்கியதும் பேரனைப் பார்த்து ஓட்டம், ‘ஏர்போர்ட்டில் நடக்கும் அற்புதம்’ என்று. நானும் ஒருகாலத்தில் ஃபார்வர்ட் செய்திருக்கிறேன். அந்தப் பெரியவர்களில் பலர் வீல்சேர் கேட்பது காலுக்காக இல்லை, வழிக்காக. கேட் மாறினால் திரையைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அதிகாரி கேட்டால் பேச ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத் தனியாகக் கேட்க வழி தெரியாததால் நாற்காலியோடு சேர்த்துக் கேட்கிறோம். அதற்குக் கொடுக்கும் விலை, எல்லோருக்கும் கடைசியாக இறங்குவது.

*

நம் பக்கம் வருகிறேன். விமான நிறுவனத்தை மட்டும் திட்டினால் இது பாதிக் கட்டுரைதான்.

டிக்கெட் தேடும் தளங்களில் இரண்டே இரண்டு விஷயத்தைப் பார்த்துப் பழகிவிட்டோம். மலிவு எது, சீக்கிரம் எது. இந்தப் பழக்கத்துக்குச் சரித்திரம் உண்டு. 1970களின் பிற்பாதியில் அமெரிக்க விமான நிறுவனங்கள் தங்கள் முன்பதிவுக் கணினிகளை டிராவல் ஏஜென்ட்களின் மேசையில் கொண்டுபோய் வைத்தன. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் சேபர், யுனைடெட்டின் அப்பல்லோ. திரையில் முதலில் தெரிவதைத்தான் ஏஜென்ட் விற்பார் என்பதால் ஒவ்வொருவரும் தன் விமானத்தை மேலே காட்டினார்கள். 1984இல் அமெரிக்க அரசு அந்தப் பாரபட்சத்தைத் தடைசெய்தது. அப்புறம் வரிசைக்கு ஏதாவது நடுநிலையான அளவுகோல் வேண்டுமே, மொத்தப் பயண நேரம் அவற்றில் ஒன்றாயிற்று. நடுநிலை என்றால் யாருக்கு? காத்திருப்பைக் குறைத்துக் காட்டினால் மேலே வரலாம் என்று ஆனபின், கால்மணி நேரத்தைக் கூட்டித்தர எந்த நிறுவனத்துக்கு மனசு வரும்?

அந்தத் திரை நம் தலைக்குள்ளும் வந்துவிட்டது. காத்திருப்பது என்றாலே நமக்கு நஷ்டம், அவமானம். முப்பத்தைந்து நிமிடத்தில் டெர்மினல் மாறிக் கேட்டைப் பிடித்தேன் என்பதைச் சாகசக் கதையாகச் சொல்கிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். இரண்டு தனித்தனி டிக்கெட்டை ஒட்டவைத்துப் பன்னிரண்டாயிரம் மிச்சம் பிடிப்பது எப்படி என்று வீடியோ போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் துளியும் பொறுப்பில்லை, நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். பெட்டியை வெளியே வந்து எடுத்து மறுபடி போடவேண்டும். வெளியே வர அந்த நாட்டு விசா வேண்டும். வீடியோ போடுகிறவரின் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதை முதலில் பாருங்கள்.

பாஸ்போர்ட் விஷயத்தில் இலங்கைத் தமிழர்கள் நம்மைவிட அதிகம் அனுபவித்தவர்கள். ஷெங்கன் நாடுகளின் பொது விதியில் 12 நாடுகளின் பட்டியல் ஒன்று உண்டு. அந்நாட்டுக்காரர்கள் விமான நிலையத்தை விட்டு வெளியே காலெடுத்து வைக்காமல், விமானம் மாறுவதற்கு மட்டும்கூடத் தனி விசா எடுக்கவேண்டும். இலங்கை அந்தப் பட்டியலில் இருக்கிறது. அமெரிக்கா, கனடா, ஜப்பான் விசா கையில் இருந்தால் விலக்கு. இந்தியா அந்தப் பொதுப் பட்டியலில் இல்லை. ஆனால் தனித்தனி நாடுகள் தாங்களாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஜெர்மனியும் பிரான்ஸும் இந்தியர்களிடம் பல வருடம் இதைக் கேட்டிருக்கின்றன. லண்டனிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. அமெரிக்காவோ இன்னும் ஒரு படி மேலே. அங்கே ‘உள்ளேயே இருந்து மாறுவது’ என்ற வகையே கிடையாது. விசா இல்லாமல் மாறிப்போகும் ஏற்பாட்டை 2003 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். மெக்சிகோ போகிறவர் ஹூஸ்டனில் ஒரு மணி நேரம் இறங்கி ஏறுவதாக இருந்தாலும் விசா வேண்டும், குடிவரவு வரிசையில் நிற்கவேண்டும்.

அமெரிக்காவுக்கே போகிறவர்களுக்கும் அந்த முதல் நிலையம்தான் கண்டம். கைவிரல் ரேகை, எத்தனை நாள் தங்குவாய், யார் வீட்டில், திரும்பிப்போகும் டிக்கெட் எங்கே. பிறகு பெட்டிக்காகக் காத்திருந்து, அதைச் சுங்கத்தைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போய் மறுபடி ஒப்படைத்து, மறுபடி பாதுகாப்புச் சோதனை. அம்மாக்களின் பெட்டியில் கறிவேப்பிலை இருந்தால் கதை முடிந்தது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகளை அழிக்கும் ஒரு பூச்சி அந்த இலையில் வரும் என்பதால் பச்சைக் கறிவேப்பிலைக்கு அங்கே தடை. (பொடியாகத் திரித்துக் கொண்டுபோகிறவர்கள் அதைப் பொடி என்று புரியவைக்கத் தனி நேரம் ஒதுக்கிக்கொள்ளவும்.) இவ்வளவுக்கும் ஒன்றே முக்கால் மணி நேர இணைப்பைச் சட்டப்படி என்று விற்கிறார்கள். நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக யாரும் வாங்காதீர்கள். அதிலும் அன்றைய கடைசி உள்நாட்டு விமானமாக இருக்கவே கூடாது.

நிமிடக் கணக்கைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. அதை நானும் கேட்கவில்லை, எனக்குத் தெரிந்த யாரும் கேட்டதில்லை. ‘இதை விட்டால் அடுத்தது எப்போது?’ என்பதுதான் அது. டவுன் பஸ்ஸுக்கு இதைக் கேட்காமல் நாம் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. பதினாறாயிரம் கிலோமீட்டர் போகிற விமானத்துக்குக் கேட்பதில்லை. மணிக்கு ஒரு விமானம் இருக்கும் வழியில் ஒரு மணி நேர இணைப்பு தவறினால் இரண்டு மணி நேரம் போகும். நாளுக்கு ஒன்றே ஒன்று இருக்கும் வழியில் ஐந்து நிமிடம் தவறினால் ஒரு நாள் போகும். வளைகுடாவிலிருந்து பல அமெரிக்க நகரங்களுக்கு நாளுக்கு ஒன்றுதான்.

*

“ஒரே டிக்கெட்தானே, நஷ்டஈடு கேக்கலாமே” என்றார் ஒரு வக்கீல் நண்பர். கேட்கலாம். எங்கே கேட்பது என்பதுதான் விஷயம்.

ஐரோப்பாவில் 2004ஆம் ஆண்டின் 261ஆம் விதிமுறை இருக்கிறது. பிரேமனிலிருந்து பாரிஸ், சாவோ பாலோ வழியாகப் பராகுவேயின் அசுன்சியோன் போன ஒரு பெண்மணியின் வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 2013இல் தீர்ப்புச் சொன்னது. முதல் விமானம் தாமதமாகி அடுத்தடுத்த இணைப்புகள் தவறி, 11 மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார். கடைசி ஊரில் எத்தனை மணி நேரத் தாமதம் என்பதைத்தான் பார்க்கவேண்டும் என்றது நீதிமன்றம். அந்தத் தூரத்துக்கு 600 யூரோ. படிக்கும்போது கைதட்டத் தோன்றியது.

அதே நீதிமன்றம் 2022 ஏப்ரலில் இன்னொன்றும் சொன்னது. மால்டோவாவின் கிஷினாவிலிருந்து வியன்னா வழியாக பாங்காக் போகும் டிக்கெட். புறப்பட்ட ஊரும் போய்ச்சேரும் ஊரும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே, நடுவில் மாறுவது மட்டும் உள்ளே என்றால் இந்த விதிமுறை பொருந்தாது. சென்னை, ஃபிராங்ஃபர்ட், சிகாகோ என்று போகிற அம்மாவும் இந்தக் கணக்கில்தான் வருவாள். அவர்களுடைய நிலையத்தில், அவர்களுடைய விமானத்துக்காக, அவர்கள் வகுத்த நிமிடத்துக்குள் ஓடவேண்டும். தவறினால் நஷ்டஈட்டுச் சட்டம் மட்டும் அவர்களுடையது இல்லை.

நமக்கு மிச்சமிருப்பது 1999ஆம் வருட மான்ட்ரியல் உடன்படிக்கை. இந்தியா 2009இல் சேர்ந்தது. தாமதத்தால் வந்த நஷ்டத்துக்கு நிறுவனம் பொறுப்பு, ஆனால் நியாயமான நடவடிக்கை எல்லாம் எடுத்தோம் என்று நிரூபித்தால் பொறுப்பில்லை. நஷ்டத்தை நாம் ரசீதோடு காட்டவேண்டும். அம்மா அந்த 24 மணி நேரத்தில் வாங்கியது ஒரு டீ. அதற்கு அவள் ரசீது வாங்கவில்லை, ஏனென்றால் காசு கொடுத்தது அவள் இல்லை.

அதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டிலிருந்து அம்மாவை நகர்த்தி, உதவி மேசைக்குப் பக்கத்தில் வீல்சேர்களை வரிசையாக விடும் இடத்தில் உட்கார வைத்தார்கள். ஹோட்டல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் போல. அதற்கு வெளியே போகவேண்டும், ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போடவேண்டும், பாஸ்போர்ட்டைக் கொடுக்கவேண்டும். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்காதே என்று கிளம்பும்போது நூறு தடவை சொல்லி அனுப்பியவன் நான். அம்மா கொடுக்கவில்லை. போன் வேலை செய்யவில்லை. சென்னையில் நானும் அமெரிக்காவில் அக்காவும், அம்மா விமானத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்று நிம்மதியாக இருந்தோம்.

துடைப்பத்தோடு அந்த வழியாக வந்த ஒரு பையன்தான் நின்று பார்த்திருக்கிறான். “அம்மா, தமிழா?” ராமநாதபுரத்துப் பக்கம். அம்மாவின் போனை வைஃபையில் இணைத்துக் கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஷிப்ட் முடிந்தும் அரைமணி நேரம் பக்கத்தில் இருந்திருக்கிறான். அவன் இணைத்துக் கொடுத்த பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரியும். அந்த நிலையத்தின் வழிமுறைகளில் எங்கேயும் எழுதப்படாத இணைப்பு அது ஒன்றுதான், அது ஒன்றுதான் தவறாமல் நடந்தது. அக்கா நிறைமாத வயிற்றோடு அழுகிற அழுகையைக் கேட்டு, அமெரிக்காவில் அம்மா இன்னொரு உள்நாட்டு விமானம் மாறவேண்டாம் என்று அத்தான் ஐந்து மணி நேரம் கார் ஓட்டி முதல் நிலையத்துக்கே போய்விட்டார்.

மாத்திரை கைப்பையில் இருந்தது. நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அது.

பிறகு ஒருநாள் வீடியோ காலில் மன்னிப்புக் கேட்டேன். ஏழு மணி நேரம் உன்னைத் தனியாக உட்கார வைக்க வேண்டாம் என்றுதான் இப்படிப் போட்டோம் என்றேன்.

“உக்கார்றதுல என்னடா? கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுல உங்க ரெண்டு பேரையும் மடியில போட்டுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருக்கேன். கடைசி பஸ்ஸு போயிருச்சுன்னு. அது ஒண்ணும் பெருசு இல்ல. அந்தத் தள்ளுற பொண்ணு ஓடினா பாரு, அதான் பயமாருந்துச்சு. எனக்காக ஓடறா, மூச்சு வாங்குறா, நான் ஒண்ணும் பண்ண முடியாம உக்காந்திருக்கேன்.”

அவளுக்கு என்ன கஷ்டமாக இருக்கும் என்று நாங்கள் இரண்டு கண்டத்திலிருந்து கணக்குப் போட்டோமே தவிர, அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காத்திருப்பு எங்கள் பயம், அவளுடையது இல்லை. ஏழு மணி நேரம் என்றால் ஒரு தூக்கம், கட்டிக்கொண்டு போன புளியோதரை, பக்கத்தில் யாராவது ஒரு பெண்மணியோடு பேச்சு என்று அவள் கழித்திருப்பாள்.

திரும்பி வரும் டிக்கெட்டை மாற்றிப் போட்டிருக்கிறேன். அதே நகரத்தில் ஆறேகால் மணி நேரம் இறங்கி ஏறவேண்டும். சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

“பகலா, ராத்திரியா?”

“ராத்திரிம்மா. ஏன்?”

“அந்தத் தம்பிக்குக் காலை ஷிப்டுன்னு சொன்னான். உங்கக்காகிட்டச் சொல்லி ஒரு டப்பா முறுக்கு சுட்டு எடுத்துட்டு வரலாம்னு பாத்தேன்.”